திருப்பிப் போடவும்

திருப்பிப் போடவும் என்று எழுதியிருந்தது, அவரும் திருப்பிப் போட்டார், இதில் எங்கே தப்பு என்று கோமதிநாயகம் ஆறாவது தடவையாகத் தன்னையே கேட்டுக்கொண்டார். மத்தியானம் ஒன்று இருபது. வளசரவாக்கத்தில் டைல்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில், பட்டப்பகலிலும் கறுப்புத் திரை போட்டு மூடியிருக்கும் அந்த நீளமான சினிமா கிராஃபிக்ஸ் அறையில் இருந்தவர்கள் எல்லாம் சாப்பிடப் போய்விட்டார்கள், இவர் மட்டும் கம்ப்யூட்டருக்கு முன்னால் பசியை மறந்து உட்கார்ந்திருந்தார். பத்து நிமிஷத்துக்கு முன்னால் எடிட்டிங்கிலிருந்து கிரிதர் பேசினான். மூன்று மணிக்கு டைரக்டர் வருகிறார், நாற்பத்திரண்டாவது ஷாட்டைப் பார்க்கத் துடிக்கிறார், திருப்பின காட்சியை வைத்துத்தானே வரைந்திருக்கிறீர்கள் என்று கேட்டான். திருப்பின காட்சியா என்றார் இவர். ஆமாம் சார், இடம் வலமாக, கண்ணாடியில் தெரிகிற மாதிரி, அடுத்த ஷாட்டில் கடல் வலப்பக்கம் வருகிறதே, அதற்காகத்தானே மெயில் போட்டேன் என்றான். ஆமாம் ஆமாம் என்று சொல்லிப் போனை வைத்தார். இந்தத் தொழிலில் இதற்கு ஃப்ளாப் என்று ஒரு சின்ன வார்த்தை இருக்கிறது, ஷாட்டை ஃப்ளாப் செய் என்றால் நேற்று சேர்ந்தவனுக்கும் புரியும். ஆனால் இந்தப் படத்தின் தயாரிப்பாளர் பூஜை போட்ட அன்றைக்கே கறாராகச் சொல்லிவிட்டார், என் படத்தில் அந்த வார்த்தை யார் வாயிலும் வரக்கூடாது, மெயிலிலும் வரக்கூடாது. நியாயம்தான், நூறு நாள் ஓட வேண்டிய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தினமும் நாற்பது தடவை ஃப்ளாப், ஃப்ளாப் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும். ஆகவே கிரிதர் நல்ல பிள்ளையாகத் தமிழில் எழுதினான்: நாற்பத்திரண்டாவது ஷாட்டைத் திருப்பிப் போடவும். கோமதிநாயகம் அதைப் போரூர் சிக்னலில், வண்டியில் உட்கார்ந்தபடி, பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிக்க அடிக்கப் படித்தார். மறுபடியும் போடச் சொல்கிறான், போன தடவை சரியாக ஏறவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார். ஆபீசுக்கு வந்ததும் அதே காட்சியை அப்படியே மறுபடி ஏற்றினார், போட்டாச்சு என்று பதிலும் அனுப்பினார். அவனும் போட்டாச்சு என்று நம்பினான். இங்கே பின்னணி ஊர்களை வரைகிற டெல்பின் அதை எடுத்து வைத்து வரைய ஆரம்பித்து இன்றோடு பத்தொன்பது நாள்.

ஏழு வினாடிதான் அந்த ஷாட். உப்பு வியாபாரியாக வேஷம் போட்ட இளவரசன் இரண்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு துறைமுகப் பட்டினத்துக்குள் நுழைகிறான், முதுகு மட்டும் தெரிகிறது, கேமரா மெல்ல மேலே எழும்புகிறது. படப்பிடிப்பில் நிஜமாக இருந்தது அந்த நடிகர், மாடு இரண்டு, ஒரு லாரி செம்மண், அதற்குப் பின்னால் கட்டித் தொங்கவிட்ட நீலத் துணி. நீலத் துணி இருந்த இடமெல்லாம் இப்போது டெல்பினின் பட்டினம். இல்லாத ஊரை வரைந்து இருக்கிற காட்சிக்குப் பின்னால் பொருத்துவதை மேட் பெயின்டிங் என்பார்கள், மற்றவர்கள் அதை எப்படிச் செய்வார்கள் என்று கோமதிநாயகத்துக்கு நன்றாகத் தெரியும், அவர் செய்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார். இருபது புகைப்படத்தை வெட்டி, ஒட்டி, ஓரத்தை மழுப்பி, மேலே கொஞ்சம் புகைமூட்டம் போட்டால் ஒரு ஊர் வந்துவிடும். டெல்பின் ஒட்ட மாட்டாள். புகைப்படத்தைப் பார்ப்பாள், ரொம்ப நேரம் பார்ப்பாள், பிறகு அதை மூடிவிட்டு டிஜிட்டல் பேனாவை எடுப்பாள். அந்தப் பேனா பலகையில் உரசுகிற சத்தம் அரிசி களைகிற மாதிரி நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். அவர் தினமும் சாயங்காலம் போய் அவள் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். சொல்ல என்ன இருக்கிறது. கிடங்குச் சுவரில் இடுப்பளவு உயரத்தில் ஒரு மங்கல் கோடு, அது போன வருஷ வெள்ளம் நின்ற மட்டம், அதற்குக் கீழே மட்டும் சுவர் உப்புப் பூத்து உதிர்ந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, ஸ்கிரிப்டில் வெள்ளம் என்று ஒரு வார்த்தை கிடையாது, தியேட்டரில் உட்கார்ந்திருப்பவன் கண்ணில் அது விழவும் விழாது, ஆனால் அந்தக் கோடு இருப்பதால்தான் அந்த ஊரில் மனுஷர்கள் போன வருஷமும் இருந்தார்கள் என்று நெஞ்சு நம்பிவிடுகிறது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் வெறும் நாலு தீற்றல், பிரஷ்ஷைத் துடைத்த துணி மாதிரி. விலகி வந்தால் ஒரு பெண் குனிந்து மணலில் கருவாட்டைத் திருப்புகிறாள். திருப்புகிறாள், திருப்பிப் போடுகிறாள், அவளுக்கு அந்த வார்த்தையில் ஒரு குழப்பமும் இல்லை, மேலே இருந்தது கீழே போக வேண்டும், அவ்வளவுதான், போரூர் சிக்னலில் அவளை நிறுத்தி வைத்திருந்தாலும் சரியாகப் புரிந்துகொண்டிருப்பாள்.

ஒரு பட்டனை அழுத்தினால் எல்லாம் சேர்ந்தே திரும்பிவிடும், நடிகரும் மாடும் ஊரும். வெளிச்சம் கெடாது, நிழல் கெடாது, கடலும் அவர்கள் கேட்ட வலப்பக்கம் வந்துவிடும். பயம் கடலைப் பற்றி அல்ல, மனுஷர்களைப் பற்றி. நாற்பத்திமூன்று பேரை அவள் அந்த ஊருக்குள் குடியேற்றியிருக்கிறாள், எல்லாருக்கும் கை இருக்கிறது, எல்லாரும் அந்தக் கையால் ஏதோ ஒரு வேலை செய்கிறார்கள். மரத்தடியில் நாவிதர் ஒருவர் ஒருத்தன் தாடையைப் பிடித்து நிமிர்த்திச் சவரம் பண்ணுகிறார், பட்டறையில் கொல்லன் சுத்தியலை ஓங்கியிருக்கிறான், கூரை நிழலில் ஒருவன் வலை பின்னுகிறான். திருப்பினால் அத்தனை பேரும் இடது கைக்காரர்கள் ஆகிவிடுவார்கள். ஒரு ஊரில் நாற்பத்திமூன்று பேரும் இடது கையா. படம் வெளியான மூன்றாம் நாள் எவனாவது ஒரு யூடியூப்காரன் காட்சியை நிறுத்தி, சிவப்பு வட்டம் போட்டு, பாருங்கள் மக்களே என்று ஆரம்பிப்பான். பட்டனை அழுத்திப் பார்க்கலாம்தான், பார்த்தால் உண்மையாகிவிடும் என்று விரல் மறுத்தது. அதற்குப் பதிலாக அந்த விரல் வேறொரு வேலை பார்த்தது, ஒரு புது மெயிலைத் திறந்தது. மேட் பெயின்டிங் பிரிவில் பழைய காட்சியை வைத்து வரைந்துவிட்டதால் ஏற்பட்ட கவனக்குறைவுக்கு வருந்துகிறோம், என்று எழுதி நிறுத்தியது. வருந்துகிறோம். யார் வருந்துகிறார்கள், பிரிவு என்றால் யார், பிரிவு என்றால் டெல்பின் ஒருத்திதான். எட்டு மாசத்துக்கு முன்னால் தூத்துக்குடியிலிருந்து வந்தவள். இந்த ஷாட் டைரக்டருக்குப் பிடித்துப்போனால் அவருடைய அடுத்த படத்தின் ஊர், கோட்டை, கடல் எல்லாம் அவள் பொறுப்பு என்று பேச்சு நடக்கிறது, அதற்காகத்தான் அவரே நேரில் வருகிறார். இந்த மெயில் போனால் அந்தப் பேச்சு நின்றுவிடும். போகாவிட்டால் இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கோடம்பாக்கம் சுற்றுவட்டாரத்தில் நாயகம் சார் கண்ணுக்கு ஒரு முடி கூடத் தப்பாது என்று வாங்கி வைத்திருக்கிற பேர், ஒரு லாரி ஹாரனில் அடித்துக்கொண்டு போய்விடும். அவள் சின்னப் பெண், மேலே வந்துவிடுவாள் என்று ஒரு குரல் சொன்னது. அது ரொம்ப அன்பான குரலாக இருந்தது, அதனால்தான் அவருக்கு அதைப் பிடிக்கவில்லை.

பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். கும்பகோணத்தில் ஓவியக் கல்லூரியில் நாலு வருஷம் படித்தவர், எதைக் காட்டினாலும் அச்சு அசலாக வரைவார், அதுதான் அவருடைய வினை. கண்ணில் பட்ட ஒன்றையும் விட மனசு வராது, இலை இருந்தால் அத்தனை இலையும் வேண்டும். முதல் முதலாக ஒரு பக்தி சீரியலுக்கு வானம் வரைந்து கொடுத்தார், பன்னிரண்டு நாள், மேகத்துக்கு மேகம் வேலைப்பாடு. எல்லாரும் பிரமாதம் என்றார்கள். வீட்டில் டிவியில் வந்தபோது பார்த்தார், சுவாமி பின்னால் ஒரு போர்வையைக் காயப்போட்ட மாதிரி இருந்தது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை, மனைவி வயிற்றுவலியா என்று ஓமத் தண்ணீர் கொடுத்தாள், குடித்தார். அதற்குப் பிறகு அவர் பிரஷ்ஷைத் தொடவில்லை, மற்றவர்கள் வேலையில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலைக்கு மாறிக்கொண்டார், அதில் கெட்டிக்காரர் ஆனார். தன்னிடம் கை இல்லை, கண் இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டார், அந்தச் சமாதானத்தில் பிள்ளைகள் படித்து முடித்தார்கள். பிறகு டெல்பின் வந்தாள், வந்த முதல் வாரமே ஒரு தூரத்துப் பாய்மரக் கப்பலை மூன்று கோட்டில் போட்டாள். நாலாவது கோடு வரும் என்று அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார், வரவில்லை. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். நாலாவது கோட்டைப் போடாமல் விடுவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று அவருக்குத் தெரியும், அந்தத் தைரியம் இல்லாமல்தான் அவர் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கு ஏற்பட்டது பொறாமையா சந்தோஷமா என்று இன்று வரை பிரித்துப் பார்க்க முடியவில்லை. பஸ்ஸில் போகும்போது தானாகச் சிரித்தார், பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். அப்படிப்பட்டவள் பேரில்தான் இப்போது கவனக்குறைவு என்று எழுதி வைத்திருக்கிறார். கவனக்குறைவாம். வெள்ளம் நின்ற மட்டத்தைச் சுவரில் வரைந்தவளுக்குக் கவனக்குறைவு.

மணி ஒன்று நாற்பது. எவ்வளவு கெட்டிருக்கிறது என்று தெரிந்தால்தானே மூன்று மணிக்குள் ஏதாவது ஒட்டுப்போட முடியும் என்று ஒருவழியாக மனசைத் தேற்றிக்கொண்டு பட்டனை அழுத்தினார். ஊர் ஒரு சொடக்கில் திரும்பியது. கடல் வலப்பக்கம் போனது, மாடுகள் எதிர்த்திசையில் நடந்தன, தெரிந்த முகத்தைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒரு கணம் எல்லாம் அந்நியமாக இருந்தது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஒரு ஓரத்தைப் பெரிதாக்கினார். படித்துறை மேல் அரசமரம், வேரடியில் அரிசி அளவுக்கு ஒரு பிள்ளையார், எண்ணெய் இறங்கிக் கறுத்த பிள்ளையார். துதிக்கை இடப்பக்கம் சுழிந்திருந்தது. நல்ல வேளை, பிள்ளையார் தப்பித்தார் என்று நினைத்தார், எல்லாத் தெருமுனையிலும் அப்படித்தானே இருப்பார், வலம்புரி ஆகியிருந்தால் யாராவது ஒரு மாமா கடிதம் எழுதியிருப்பார். கையை அடுத்த இடத்துக்கு நகர்த்தினார், நகர்ந்த கை நின்றது. எப்படித் தப்பித்தார். எல்லாம் திரும்பினால் பிள்ளையாரும் திரும்ப வேண்டாமா. மறுபடி பட்டனை அழுத்திப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார், துதிக்கை வலப்பக்கம். அழுத்தினார், இடப்பக்கம். நாவிதரைத் தேடிப் போனார், சவரக்கத்தி வலது கையில் இருந்தது. கொல்லன், வலது கை. வலை பின்னுகிறவனின் ஊசி, வலது கை. கருவாட்டுக்காரி வலது கையால் திருப்புகிறாள், இடது கை முழங்காலில். பழைய நிலைக்குப் போனால் அத்தனை பேரும் இடது கை. ஒவ்வொருவராக, நாற்பத்திமூன்று பேரையும், பெயர் கூப்பிடுகிற வாத்தியார் மாதிரி தேடித் தேடிப் பார்த்தார், ஒருத்தர் விட்டுப்போகவில்லை. இரண்டே இரண்டு பேர் மட்டும் திருப்பின நிலையிலும் இடது கையால் வேலை செய்தார்கள், ஊர் என்றால் இரண்டு பேர் அப்படி இருக்கத்தான் செய்வார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் அவள் அறிந்தே வரைந்திருக்கிறாள், பத்தொன்பது நாளும் ஒரு ஊரைக் கண்ணாடிக்குள் வைத்து, தன் வலது கையால், திருப்பினால் மட்டுமே நேராக வரும்படி. பத்தொன்பது சாயங்காலம் அவர் அதற்கு நேர் எதிரே நின்றிருக்கிறார், ஒரு ஊரே இடது கையால் வேலை செய்துகொண்டிருந்தது, அவர் சுவரில் உப்பை ரசித்துக்கொண்டிருந்தார். முடி கூடத் தப்பாத கண். வெட்கமாக இருந்தது, வெட்கத்துக்கு நடுவில் ஒரு சந்தோஷமும் வந்தது, இப்படி ஒரு கை இருக்கிறது, அது இந்த அறையில் நாலு மேஜை தள்ளி இருக்கிறது, அதை நான் பார்த்தேன் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. எழுதி வைத்த மெயிலை அழித்தார், அழித்தது அழிந்ததா என்று இன்னொரு தடவை பார்த்தார், பிறகு மாடிப்படி ஏறினார்.

மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு டீக்கடைக்குப் போயிருந்தார்கள். டெல்பின் மட்டும் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து சாளைமீன் குழம்புச் சோற்றைக் கடைசிப் பருக்கை வரைக்கும் வழித்துக்கொண்டிருந்தாள். பேனா பிடிக்கிற கையில் மஞ்சள் ஏறியிருந்தது. ஆபீசுக்குள் எல்லாரையும் போல அவளும் சார் என்பாள், யாரும் இல்லாவிட்டால் ஊர்ப்பக்கத்துக்காரர் என்ற உரிமையில் அண்ணாச்சி. இன்னும் சாப்பிடவில்லையா என்று கேட்டாள். அவர் எதிரில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஷாட்டு திரும்பித்தான் போகுதுன்னு ஒனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டாம் நாளே தெரியும். கிரிதர் ரூமுல எடிட் ஓடிச்சு, மாடு ரெண்டும் எதிர்ப்பக்கமாப் போவுது. அப்பவே வரைஞ்சத அழிச்சுட்டு மாத்தி ஆரம்பிச்சுட்டேன்."

"எங்கிட்ட ஏன் கேக்கல?"

அவள் கொஞ்சம் வெட்கப்பட்டாள். "நீங்க வேணும்னே நேராப் போட்டுருக்கீயன்னுல்லா நெனச்சேன். புதுசா வாரவங்களுக்கு ஒரு தப்ப ஒளிச்சு வச்சுக் குடுத்து, கண்டுபிடிக்காவளான்னு பாப்பீயளாம், எல்லாரும் சொன்னாவ. தெனம் வந்து பின்னால நிப்பீய, ஒண்ணும் சொல்லாமப் போவீய. சரி, ஒங்க கண்ணுக்குச் சரியாத்தான் இருக்கு போலன்னு தைரியமா வரைஞ்சேன்."

கோமதிநாயகத்துக்குத் தலை லேசாக முன்னால் சாயப் பார்த்தது. ஒரு தலையாட்டல் போதும். ஆமாம்மா, சோதிச்சேன், பாஸ் பண்ணிட்டே என்று சொல்லிவிட்டால் இந்த உலகத்தில் ஒருத்தருக்கும் நஷ்டமில்லை, டைரக்டர் மகிழ்வார், கிரிதர் மகிழ்வான், இவள் இன்னும் பத்து வருஷம் நாயகம் அண்ணாச்சி கண்ணைப் பற்றி ஊரெல்லாம் சொல்லுவாள். அவள் கை அவருடைய கண்ணை நம்பித்தான் அவ்வளவு தைரியமாக ஓடியிருக்கிறது, இல்லாத கண்ணை, போரூரில் தொலைத்துவிட்டு வந்த கண்ணை. அந்த நம்பிக்கையை அவளிடமிருந்து பிடுங்குவது பாவமில்லையா, அது அவளுக்கு வேண்டாமா என்று அந்த அன்பான குரல் மறுபடி கேட்டது. அவருக்கு அந்த மூன்று கோட்டுக் கப்பல் ஞாபகம் வந்தது, அதற்குள் வாய் பேசிவிட்டது.

"இல்லம்மா. எனக்குத் தெரியாது. திருப்பிப் போடவும்னு இருந்ததத் தப்பாப் படிச்சுட்டேன். பத்தொம்பது நாளா அந்த ஊரே எடது கையில வேல செஞ்சிருக்கு, நான் பாக்கல. இப்ப கீழ ஒக்காந்து, ஒம் பேருல பழியப் போட்டு ஒரு மெயிலும் எழுதுனேன்."

"அனுப்பிட்டீயளா?"

"அனுப்பல. அழிச்சுட்டேன்."

அவள் டப்பாவை மூடினாள், மூடி சரியாக உட்காரவில்லை, மறுபடி திறந்து அழுத்தி மூடினாள். எழுந்து போய்க் குழாயில் கையைக் கழுவினாள், நகத்துக்குள்ளே இருந்த மஞ்சளையும் தேய்த்துக் கழுவினாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் கோபம் இருந்ததா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அப்ப அந்தக் கிடங்குக்குப் பக்கத்துல படகு நெழலு வெயிலுக்கு ஒட்டாம நீளமா விழுந்திருக்கே, அதையும் நீங்க பாக்கலையா?"

"பாக்கல."

"எனக்கே நேத்துதான் தெரிஞ்சுது. நீங்க சொல்லுவீயன்னு விட்டு வச்சிருந்தேன்." அவள் ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். "டைரக்டர் வாரதுக்கு ஒரு மணி நேரம் இருக்குல்லா. வாங்க, காட்டுதேன்."

அவள் முன்னால் இறங்கினாள், கோமதிநாயகம் பின்னால் போனார்.